வாய்க்காற் கரையும் வழித்துணை நாயும்

திருவண்ணாமலை என்றவுடன் உங்கள் நினைவுக்கு வருவது நெருப்பு. ஐம்பூதத் தலங்களுள் இது தீத்தலம். கார்த்திகைத் திங்களில் மலையுச்சியில் ஏற்றப்படும் தீபம் நெடுந்தொலைவுக்குத் தெரியும். ஆனால் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் தீயன்று, நீர். அதிலும் பேராறோ பெருங்கடலோ அன்று; மலையடிவாரத்தில் தொடங்கி ஏரியை நோக்கிச் செல்லும் ஒரு சிறு வாய்க்கால். அதன் கரையில் நாள்தோறும் விடியற்காலையில் ஒரு நாயுடன் நான் நடந்து வருகின்றேன்.

"நாயோடு நடப்பதில் பேசுவதற்கு என்ன இருக்கின்றது?" என்று நீங்கள் வினவலாம். ஓய்வு பெற்ற புதிதில் நானும் அப்படித்தான் எண்ணினேன். பல்லாண்டுகள் கரும்பலகையில் கடலையும் மேகத்தையும் மலையையும் வரைந்து, அம்புக்குறிகள் இட்டு, நீர் சுழன்று வரும் முறையை மாணவர்களுக்குக் கற்பித்தவன் நான். ஆயினும் என் வீட்டுக்கு அருகே அந்நீர் எவ்வழியாக வருகின்றது, எங்கே போய்ச் சேருகின்றது என்பதை நான் அறிந்திருக்கவில்லை. அதனை எனக்குக் காட்டியது நாய்தான்.

அந்த நாய்க்குப் பெயர் செவலை. சாதியும் குலமும் சொல்லத்தக்க நாயன்று. சிவந்த மயிருடைய நாட்டு நாய். ஒரு மழைக்கால இரவில் எங்கள் திண்ணையில் வந்து ஒண்டியது. மறுநாள் விரட்டினோம், போகவில்லை. சோறு வைத்தோம், எங்களுடையதாகிவிட்டது. காலையில் அதற்கு நடை வேண்டியிருந்தது. எனக்கும் மருத்துவர் நடை விதித்திருந்தார். ஆகவே இருவரும் ஒருவருக்கொருவர் துணையானோம்.

நாயைத் துணையாகக் கொள்வது இம்மண்ணுக்குப் புதிதன்று. எங்கள் மாவட்டத்துச் செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. போரிலோ ஆநிரை காப்பதிலோ உயிர் நீத்த வீரனுக்கு உருவமும் எழுத்தும் பொறித்து நடும் கல்லே நடுகல் என்பதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவ்வட்டாரத்து எடத்தனூரில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. தன் எருமைகளைக் காக்கும் முயற்சியில் உயிர் துறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. அக்கல்லில் வீரனுக்கு அருகே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கின்றது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துத் தன் தலைவனுக்குக் காவலாக நின்றது என்றும் எழுத்துகள் கூறுகின்றன. மன்னர்களின் பெயர்களே மறைந்துபோகும் உலகில், ஒரு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகக் கல்லில் நிற்கின்றது.

இன்னொரு நாயின் கதை அண்ணாமலையிலேயே நிகழ்ந்தது. இரமண மகரிஷி 1916 முதல் 1922 வரை மலைமேல் உள்ள கந்தாசிரமத்தில் வாழ்ந்தார். அங்கே கமலா என்ற பெண்நாய் குட்டியாக வந்து சேர்ந்தது. அது முதன்முறை ஈன்றபோது, குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம் இட்டு, பத்தாம் நாள் விருந்தும் நடத்தினார்களாம். புதியவர் எவரேனும் வந்தால், அவருக்குச் சுற்றிக் காட்டும்படி மகரிஷி கமலாவிடம் சொல்வாராம். அது முன்னே நடந்து, மலையைச் சுற்றியுள்ள ஒவ்வொரு கோயிலுக்கும் சிலைக்கும் குளத்துக்கும் அவரை அழைத்துச் செல்லுமாம். ஆர்தர் ஆஸ்பர்ன் எழுதிய இரமணர் வரலாற்றில் இச்செய்தியைக் காணலாம். இலக்கணம் நாயை அஃறிணை என்று வகுத்திருக்கின்றது. இரமணரோ விலங்குகளை 'அவன்', 'அவள்' என்றே குறிப்பிடுவார்.

கமலா காட்டிய இடங்களுள் குளங்களும் இருந்தன என்பதை நினைவில் வையுங்கள். மலைவலம் வருவோர் லிங்கங்களை எண்ணுகின்றனர். குளங்களை எண்ணுவோர் சிலரே. செவலையோடு நடந்த பிறகுதான் நான் நீரை எண்ணத் தொடங்கினேன்.

நாய் எப்படி நடக்கின்றது என்பதைக் கவனித்திருக்கின்றீர்களா? நாம் பாதையில் நேராகப் போகின்றோம். நாயோ இடமும் வலமும் வளைந்து, நின்று, திரும்பி, மீண்டும் முகர்ந்து செல்கின்றது. நமக்குக் கண் எப்படியோ அப்படி அதற்கு மூக்கு. மனிதன் மூக்கிலுள்ள மோப்ப உணர்வணுக்கள் ஏறத்தாழ ஐம்பது, அறுபது இலட்சம் என்பர். நாயின் மூக்கிலோ அவை இருபது கோடிக்கும் மேல். நாயின் ஈர மூக்கு காற்றில் மிதக்கும் மணத்துகள்களைப் பற்றிக்கொள்ளத் துணை செய்கின்றது. நேற்றிரவு இவ்வழியே சென்றது கீரியா, முயலா, வேற்றுத் தெரு நாயா என்பதை அது மண்ணில் படிக்கின்றது. நாம் செய்தித்தாள் படிக்கும்போது யாரேனும் கையைப் பிடித்து இழுத்தால் எப்படியிருக்கும்? முகர்ந்து நிற்கும் நாயைக் கயிற்றால் இழுப்பதும் அதுவே. இதை உணர்ந்தபின் செவலை நிற்குமிடத்தில் நானும் நிற்கப் பழகினேன். நின்றால்தான் பார்க்க முடியும். பார்த்தால்தான் கேள்வி பிறக்கும்.

முதலிற் பிறந்த கேள்வி இது: இந்த வாய்க்காலில் வரும் நீர் எங்கிருந்து வருகின்றது?

அண்ணாமலை ஏறத்தாழ 2,670 அடி உயரமுள்ள கருங்கற் குன்று. கல் நீரை உறிஞ்சுவதில்லை. ஆனால் அதன் வெடிப்புகளிலும், மரவேர்கள் பற்றியிருக்கும் மேல்மண்ணிலும் மழைநீரின் ஒரு பகுதி தங்குகின்றது. தங்கிய நீர் மெல்ல மெல்லக் கசிந்து சுனையாக வெளிப்படுகின்றது. எஞ்சிய நீர் சரிவில் ஓடி இறங்கும். சரிவின் ஒவ்வொரு மடிப்பும் ஓர் ஓடை. மலையைச் சுற்றியுள்ள பாதை சுமார் 14 கிலோமீட்டர். அதன் ஓரமாகக் குளங்கள் பல அமைந்திருப்பது தற்செயலன்று. மலையிலிருந்து பாய்ந்து வரும் நீரின் வேகத்தைத் தணித்து, மண்ணைப் படியவிட்டு, தெளிந்த நீரை மேலே செலுத்தும் இடங்கள் அவை. நீராடும் இடம் என்று நாம் கருதும் குளம், நீரை ஆளும் இடமும் ஆகும்.

மலையின் தென்சரிவில் இறங்கும் நீர், தாழ்ந்த நிலத்தை நாடிச் சமுத்திரம் ஏரிப் பக்கம் செல்கின்றது. ஏரிக்குச் சமுத்திரம் என்று பெயரிட்ட முன்னோரை எண்ணிப் பாருங்கள். கடலைக் காண இங்கிருந்து புதுச்சேரிக்கோ மரக்காணத்துக்கோ போகவேண்டும். ஆகவே அவர்கள் தங்கள் ஊரிலேயே ஒரு கடலைக் கட்டிக்கொண்டார்கள்.

ஏரிக்கு நீர் கொண்டுவரும் கால் வரத்துக்கால். ஏரியிலிருந்து வயலுக்கு நீர் விடும் வாயில் மதகு. ஏரி நிரம்பி மிகும் நீர் வெளியேறும் இடத்தைக் கலங்கல் என்பர். எங்கள் பக்கத்தில் 'கோடி' என்பதே வழக்கு. 'ஏரி கோடி போகின்றது' என்றால் அவ்வாண்டு சோற்றுக்குக் கவலையில்லை என்று பொருள். கோடி வழியே செல்லும் நீர் அடுத்த ஏரிக்கு வரத்தாகும். இவ்வாறு ஓர் ஏரியின் மிச்சம் மற்றோர் ஏரியின் முதலாகத் தொடர்கின்றது. தமிழ்நாட்டில் சுமார் 39 ஆயிரம் ஏரிகள் இருப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். அவற்றை இணைக்கும் நூலே வாய்க்கால். நூல் அறுந்தால் மணிகள் சிதறும் அல்லவா?

இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள். 'கால்', 'வாய்' என்னும் இரண்டு சொற்களை ஒருவாறு சேர்த்தால் கால்வாய். முன்பின்னாக மாற்றிச் சேர்த்தால் வாய்க்கால். நீருக்குக் காலும் உண்டு, வாயும் உண்டு என்று தமிழர் கண்டனர். நடப்பது அதன் இயல்பு. நடக்க விடாவிட்டால் அது வேறு வழி தேடும்.

இரண்டாவது பாடத்தைச் செவலை ஒரு கோடையில் கற்பித்தது. வாய்க்கால் வறண்டு, மணல் வெள்ளையாகக் கிடந்தது. ஒரு வளைவில் செவலை நின்று, முகர்ந்து, முன்கால்களால் மணலைப் பறிக்கத் தொடங்கியது. ஒரு முழ ஆழத்தில் மணல் கறுத்து ஈரமாயிற்று. நாய் அக்குழியில் வயிற்றைப் பதித்துப் படுத்துக்கொண்டது. நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை; பாதங்களில் சிறிது வியர்க்கும். நாவைத் தொங்கவிட்டு இரைத்தும், குளிர்ந்த மண்ணில் படுத்துமே அது சூட்டைத் தணித்துக்கொள்கின்றது. அதற்குக் குளிர்ச்சி கிடைத்தது. எனக்கு ஓர் உண்மை கிடைத்தது. மேலே ஓட்டம் நின்றாலும் மணலுக்குக் கீழே நீர் நகர்ந்துகொண்டுதான் இருக்கின்றது. வாய்க்காலின் இருபுறத்துக் கிணறுகளும் கோடையில் சிறிதேனும் ஊறுவது இதனால்தான். வறண்ட வாய்க்கால் செத்த வாய்க்கால் அன்று.

ஏன் அந்த வளைவில் தோண்டியது? ஓடும் நீர் வளைவின் வெளிப்புறத்தில் விரைந்து கரையை அரிக்கும். உட்புறத்தில் தளர்ந்து மணலைப் படியவிடும். ஆகவே வெளிப்புறத்தில் பள்ளம் ஆழமாகின்றது. அங்கே ஈரம் நெடுநாள் தங்குகின்றது. நான் நிலநூலில் படித்ததை நாய் காலால் கண்டுகொண்டது.

இனி, நான் மகிழ்ச்சியோடு சொல்ல இயலாத ஒரு நிகழ்ச்சியையும் உங்களிடம் சொல்லவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில், வறண்ட வாய்க்காலின் நடுவிலேயே செவலை ஓடுவது வழக்கம். ஒருநாள் அது ஓரிடத்தில் கரையேறி, சிறிது தூரம் சென்று, மீண்டும் இறங்கியது. மறுநாளும் அப்படியே. அங்கே யாரோ இடித்த வீட்டின் செங்கற் கட்டிகளையும் காரைப் பாளங்களையும் கொட்டியிருந்தார்கள். நாளடைவில் அதன்மேல் குப்பையும் சேர்ந்தது. சீமைக் கருவேலமும் முளைத்தது. நாய் வழி மாறியதை நான் கண்டேன். மாறியதன் காரணத்தையும் கண்டேன். ஆனால் நின்று யோசிக்கவில்லை. 'நமக்கென்ன' என்று நடந்தேன். ஒன்றிரண்டு நாளன்று, ஒரு கோடை முழுவதும் அப்படியே நடந்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. இரண்டாம் நாள் இரவு, கொட்டிய கற்களுக்கு மேற்புறம் நீர் தேங்கி, கரையை உடைத்துக்கொண்டு தாழ்வான தெருவில் புகுந்தது. உயிர்ச்சேதம் இல்லை, நான்கைந்து வீடுகளில் முழங்காலளவு தண்ணீர். மழை விட்ட காலையில் அவ்வழியே சென்றேன். பத்தாம் வகுப்பில் படிக்கும் பெண் ஒருத்தி, நனைந்த பாடநூல்களைத் திண்ணையில் ஏடு ஏடாகப் பிரித்து உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "வணக்கம் ஐயா" என்றாள். நான் மறுவணக்கம் சொன்னேன். தடையைப் பல நாள் கண்டும் வாளாவிருந்தவன் நான் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்த எனக்கு அந்த வணக்கம் சுமையாயிற்று.

ஒரு சிறு தடை இவ்வளவு செய்யுமா என்று கேட்கலாம். செய்யும். அகன்ற வழியில் போகும் நீர் குறுகிய வழியில் போகவேண்டுமானால், மேற்புறம் அதன் மட்டம் உயரவேண்டும். தேங்கும் நீரின் வேகம் குறையும். வேகம் குறைந்தால், நீர் சுமந்துவரும் வண்டல் அங்கேயே படியும். வண்டல் படிந்தால் தளம் உயரும். தளம் உயர்ந்தால் நீர்மட்டம் மேலும் உயரும். இவ்வாறு ஒரு வண்டிக் கல் தானே வளர்ந்து அணையாகின்றது. அதே வேளையில் கீழே உள்ள ஏரிக்கு வரவேண்டிய நீர் வருவதில்லை. மேலே வெள்ளம், கீழே பஞ்சம். இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

பின்னர் தெருவாரும் உழவர்களும் கூடி, உரிய அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். இசைவு வரச் சில வாரங்கள் ஆயின. வந்தபின் மண்வெட்டியும் கடப்பாறையும் கொண்டு, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அவ்விடத்தைத் துப்புரவு செய்தோம். என்னால் கல் சுமக்க இயலவில்லை; கூடையை எடுத்துக் கொடுத்தேன். இதனைப் புதிய தொண்டு என்று சொல்ல இயலாது. ஊர் மக்களே கூடித் தம் ஏரியையும் காலையும் செப்பனிடும் முறைக்குக் குடிமராமத்து என்று பெயர். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில், ஏரியைப் பேணுவதற்கென்றே ஏரி வாரியம் என்ற குழு இருந்ததைக் காண்கின்றோம். பத்தாம் நூற்றாண்டின் ஊரார் குழு அமைத்துச் செய்த கடமையை நாம் யாரோ செய்வார்கள் என்று விட்டுவிடலாமா?

மலையும் நீரும் எத்துணை வலியவை என்பதை எங்கள் ஊர் 2024ஆம் ஆண்டு கண்ணீரோடு அறிந்தது. அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. மறுநாள், டிசம்பர் 1ஆம் நாள், தொடர்ந்த பெருமழையால் அண்ணாமலையின் சரிவில் மண்ணும் பாறையும் பெயர்ந்து, அடிவாரத்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடின. குழந்தைகள் உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். ஒரு வாய்க்காலைத் தூர்த்ததால் அது நேர்ந்தது என்று நான் கூறவில்லை. சரிவிலுள்ள மண், தாங்கும் அளவுக்கு மேல் நீரைக் குடித்தால் தன் பிடிப்பை இழந்து பெயரும் என்பது நிலநூல் கூறும் பொது விதி. ஆனால் நீர் எங்கே இறங்குகின்றது, எங்கே தேங்குகின்றது, எங்கே வழி மறிக்கப்பட்டிருக்கின்றது என்பதை அடிவாரத்தில் வாழ்வோர் ஒவ்வொருவரும் அறிந்திருக்கவேண்டும் என்பதை அந்நாள் எங்களுக்கு உணர்த்தியது.

மாணவ நண்பர்களே, நீங்களும் நாயோடு நடக்க விரும்பினால் சில விதிகளை மறவாதீர்கள். வளர்ப்பு நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். எந்த நாய் கடித்தாலும், புண்ணைச் சோப்பிட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் காத்திராதீர்கள். லூயி பாஸ்டர் 1885இல் அந்நோய்க்குத் தடுப்பு முறையைக் கண்டளித்தார். நம் குன்னூரில் 1907இல் அதற்கென நிலையம் தொடங்கப்பட்டது. நோய் முற்றியபின் பிழைத்தல் அரிது. முன்னே தடுத்தல் எளிது.

கயிறு இல்லாமல் நாயை மலைக்காட்டுப் பக்கம் விடாதீர்கள். அங்கே புள்ளிமான்கள் உள்ளன. நாய் துரத்தி மான் இறந்த செய்திகளை நாம் படித்திருக்கின்றோம். வாய்க்காற் கரையில் ஆட்காட்டிக் குருவி வெறுந்தரையில் முட்டையிடும். அது தலைக்கு மேல் பறந்து கூவினால், "இங்கே என் குஞ்சு இருக்கின்றது, விலகிப் போ" என்று பொருள். நாயோடு விலகிப் போங்கள். நாயின் கழிவைக் கரையிலோ நீரிலோ விடாது, ஒதுக்குப்புறத்தில் குழியில் மூடுங்கள். வெயில் ஏறுமுன் வீடு திரும்புங்கள். தார்ச்சாலையின் சூட்டை நம் செருப்பு தாங்கும், நாயின் பாதம் தாங்காது.

நாய் இல்லாதவர்களும் நடக்கலாம். நான் ஆசிரியனாயிற்றே, வீட்டுப்பாடம் கொடாமல் முடிக்க மனம் வரவில்லை. வரும் விடுமுறையில் ஒரு நாள், பெரியவர் ஒருவரைத் துணைக்கொண்டு, உங்கள் ஊர் வாய்க்காலின் கரையோடு ஏரிவரை நடந்து செல்லுங்கள். ஒரு குறிப்பேட்டில் நான்கு செய்திகளை எழுதுங்கள். நீர் எங்கிருந்து வருகின்றது? எவ்விடத்தில் வழி குறுகியிருக்கின்றது? மிகுநீர் எங்கே போகின்றது? அதன் வழியில் யாருடைய வீடு இருக்கின்றது? நான்காவது கேள்வியை நான் காலந்தாழ்த்தியே கேட்டேன். நீங்கள் முதலிலேயே கேளுங்கள்.

செவலைக்கு இப்போது முதுமை. முகம் நரைத்துவிட்டது; எனக்கும் அப்படியே. முன்போல ஏரிவரை போவதில்லை. பாதி வழியில் அமர்ந்துகொள்வோம். இன்றும் அது பழைய தடை இருந்த இடத்தில் ஒரு நொடி நின்று முகர்ந்துவிட்டுத்தான் மேலே செல்கின்றது. நானும் நின்று, வாய்க்காலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டே செல்கின்றேன்.